லிஸ்கானர் ஊற்றுக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியும். அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்க்கப் போன வழியில், லிஸ்கானர் அருகே ஒரு புனிதக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். சுவர் முழுக்க இறந்தவர்களின் படங்கள், செபமாலைகள், ஒரு குழந்தையின் செருப்பு. திரும்பும் வழியில் வேறொரு கிணற்றருகே, கிளையெல்லாம் கந்தல் துணி கட்டிய ஒரு முள்மரம். பக்கத்து வீட்டுப் பெரியவர், வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்றும், இதெல்லாம் கிறித்தவம் வருவதற்கு முன்பே இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, துணி எதற்கு, கிறித்தவரல்லாத நாம் போகலாமா, கோடையில் ஊரிலிருந்து வரப்போகும் அம்மாவின் முட்டிவலிக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்குக்கும் அடியில் ஒரே கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அங்கே நடப்பது இன்றும் உயிருள்ள வழிபாடா, இல்லை பழைய நம்பிக்கையின் மிச்சமா? நான் பார்த்தவரை அது உயிருள்ளதுதான். எவ்வளவு பழையது என்பதில்தான் நிறைய ஊகம் கலந்திருக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் படிப்பு நிலத்தடி நீர். அயர்லாந்தின் மேற்குக் கவுண்டிகளில் 17 வருடமாகக் கிணறு, ஊற்று, ஆழ்துளைக் கிணறு என்று தேடிப்போய் மாதிரி எடுத்துச் சோதிப்பதுதான் வேலை. இங்கே ஊற்றைத் தேடிப் போனால் பல இடங்களில் ஒரு புனிதரின் பெயரும் ஒரு கதையும் கூடவே வந்துவிடும். வேலையின் முதல் வருடத்தில் ஒரு வயதான விவசாயி, நான் பாட்டிலைத் தண்ணீரில் இறக்கும் முன் கையைப் பிடித்து நிறுத்தி, தன் தொப்பியைக் கழற்றிவிட்டு, "முதலில் கேட்டுக்கொள்" என்றார். யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார், அப்புறம் தலையசைத்தார். அன்றிலிருந்துதான் இந்தக் கதைகளைக் கேட்கவும் தேடிப் படிக்கவும் ஆரம்பித்தேன். ஆகவே, தண்ணீரைப் பற்றிச் சொல்வதைத் துணிந்து சொல்வேன். வழக்கங்களைப் பற்றி, கண்ணால் பார்த்ததையும் நம்பகமான பதிவுகளில் படித்ததையும் மட்டும் சொல்வேன். நோய் தீருமா, பிரார்த்தனை பலிக்குமா என்பதைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

முதலில் 'கிணறு' என்ற சொல்லே நமக்குத் தவறான படத்தைக் காட்டிவிடும். கைப்பிடிச் சுவர், கப்பி, வாளி எதுவும் அங்கே இருக்காது. ஐரிஷ் மொழியில் இதற்குத் 'தொபர்' என்று பெயர். பெரும்பாலும் தரையிலிருந்தோ பாறை இடுக்கிலிருந்தோ தானாகக் கசிந்து வரும் ஊற்று. நம் மொழியில் சுனை என்பது இன்னும் பொருத்தம். சிலவற்றைச் சுற்றி அழகான கல்கட்டு இருக்கும், சிலவற்றுக்கு நான்கு கல்லும் ஒரு குவளையும்தான். நாடு முழுக்கச் சுமார் 3,000 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் பல புதர் மூடிப் போய்விட்டன. ஆனால் பெயர்கள் தங்கியிருக்கின்றன: மேயோ கவுண்டியின் பாலிண்டபர் என்றால் 'ஊற்றின் ஊர்' என்று பொருள், ஸ்லைகோவின் டபர்கரியிலும் அதே 'தொபர்'தான் ஒளிந்திருக்கிறது.

நீங்கள் பார்த்த லிஸ்கானர் ஊற்று புனித பிரிஜித்தின் பெயரில் இருப்பது. ஐரிஷ் பெயரின் பொருள் 'பிரிஜித்தின் தொட்டி'. பிரிஜித் கில்டேரில் மடம் நிறுவியவர் என்று மரபு சொல்லும் புனிதை. நாட்டின் காவல் புனிதரான பேட்ரிக்குக்கு அடுத்தபடியாக அயர்லாந்து கொண்டாடுவது அவரைத்தான். சாலையோரம் அந்தக் காலத்து நிலக்கிழார் ஒருவரின் உயரமான நினைவுத் தூண் நிற்கிறதே, அதன் பக்கத்தில். கீழே கண்ணாடிக்குள் பிரிஜித்தின் சுரூபம் (சிலை), மேலே பழைய கல்லறைத் தோட்டம், இரண்டுக்கும் இடையில் மேட்டை ஒட்டிய அந்தக் கல் நடை. உள்ளே போனால் வெளியே ஓடும் கார்களின் சத்தம் சட்டென்று அறுந்து, தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும். இந்த நாட்டில் நிலத்தடி நீர் வருடம் முழுக்க 10, 11 பாகை செல்சியஸ்தான். கோடையில் கை வைத்தால் சில்லென்று இருக்கும் அதே தண்ணீர், உறைபனி விழுந்த பிப்ரவரிக் காலையில் வெதுவெதுப்பாகத் தெரியும், மேலே லேசாக ஆவிகூடப் பறக்கும். அறிவியல் தெரிந்த எனக்கே முதல் முறை அதைப் பார்த்தபோது ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

அந்தச் சுவரில் இருப்பவற்றை நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? இங்கே ஒருவர் இறந்தால், படமும் ஒரு செபமும் அச்சிட்ட சிறிய நினைவு அட்டையை உறவினர்களுக்குக் கொடுப்பார்கள். அந்த அட்டைகள்தான் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஈரத்தில் பூஞ்சை பிடித்து முகமே அழிந்துபோன அட்டையின் மேல், போன வாரத்து அட்டை ஒன்று. அதற்கிடையே ஒரு முறை, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் கையில் கட்டும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைப் பார்த்தேன். செபமாலையோடு சேர்த்துச் சுற்றி வைத்திருந்தார்கள். பெயர் எழுதிய பக்கம் சுவரைப் பார்த்துத் திருப்பியிருந்தது. அது நன்றியா, துக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் கூடாது என்று நினைக்கிறேன்.

சரி, அங்கே என்ன செய்கிறார்கள்? ஊற்றுக்கு வந்து வழிபடும் முறைக்குப் பொதுவாக 'சுற்று' என்று பெயர். ஊற்றையும், அதோடு சேர்ந்த கல், சிலுவை, மரம், கல்லறை போன்ற இடங்களையும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுற்றிவருவார்கள். மூன்று, ஏழு, ஒன்பது என்று இடத்துக்கு இடம் மாறும். ஒவ்வொரு சுற்றிலும் கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, திரித்துவப் புகழ். எண்ணிக்கை தவறாமல் இருக்கக் கையில் கூழாங்கற்களை எடுத்துக்கொண்டு, ஒரு சுற்று முடிய ஒன்றைக் கீழே போடுவார்கள். சில ஊற்றுகளின் ஓரத்தில் குவிந்து கிடக்கும் சின்னக் கற்கள் அப்படிச் சேர்ந்தவை. டொனிகால் கவுண்டியின் டூன் ஊற்றுக்கு வெறுங்காலோடுதான் போக வேண்டும் என்பது வழக்கம். கால் குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் அங்கே நட்டு வைக்கப்பட்டிருந்ததைப் பழைய படங்களில் பார்க்கலாம். லிஸ்கானரில் கீழே சுரூபத்தைச் சுற்றிச் செபித்துவிட்டு, மேலே கல்லறைத் தோட்டத்துச் சிலுவைக்குப் போய், இறங்கி வந்து கடைசியில்தான் தண்ணீரைத் தொடுவார்கள்.

வலமாகச் சுற்றுவது பற்றிப் பெரியவர் சொன்னது சரி. சூரியன் போகும் திசை, அதாவது ஊற்று எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். ஐரிஷில் அதற்குத் 'தெஷல்' என்று பெயர். எதிர்த்திசை 'தூஹல்', அது கேடு. வேண்டுமென்றே இடமாகச் சுற்றி ஒருவரைச் சபிப்பதும் உண்டு. கேவன் கவுண்டியில் கில்லினா என்ற இடத்தில் குழிகளுக்குள் உருண்டைக் கற்கள் வைத்த பெரிய பாறை ஒன்று இருக்கிறது. அந்தக் கற்களைச் சாபமிடத் திருப்புவார்கள் என்று பதிவுகள் உண்டு. பழைய ஐரிஷ் இடப்பெயர்க் கதைகளிலும் இந்த அச்சம் இருக்கிறது: போயன் என்ற பெண், யாரும் நெருங்கக்கூடாத ஊற்றை இடமாகச் சுற்றினாள்; தண்ணீர் பொங்கி அவளைக் கடல்வரை துரத்திக் கொன்றது; அவள் ஓடிய வழியே பாய்ன் ஆறு. அந்த ஊற்றின் மேல் ஒன்பது ஹேசல் மரங்கள் இருந்தனவாம், அவற்றின் கொட்டை தண்ணீரில் விழ, அதைத் தின்ற சால்மன் மீனுக்கு ஞானம் வந்ததாம்.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் கார்க் கவுண்டியில் பாலிவூர்னியில் நடப்பது. புனித கொப்நெட்டின் நாள் பிப்ரவரி 11. அன்று பங்குக் கோவிலில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவரது சிறிய மரச் சுரூபத்தை வெளியே வைப்பார்கள். ஜனங்கள் வரிசையில் வந்து, கையில் கொண்டுவந்த ரிப்பனைச் சுரூபத்தின் நீளத்துக்கு ஒரு முறை பிடித்து அளப்பார்கள், பிறகு அதன் உடலைச் சுற்றி ஒரு முறை. அளந்த ரிப்பன் அன்றிலிருந்து மருந்து. தொண்டை வலித்தால் கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தபாலில் அனுப்புவார்கள். அளக்கும் அந்த விரல்களைப் பார்க்க வேண்டும். தையற்காரர் அளவெடுப்பது போல அவ்வளவு கவனம். அதே ஊரில் சுற்றுவழியில் உள்ள கற்களில் பக்தர்கள் சின்னக் கல்லால் சிலுவைக் குறி கீறுவார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் கீறிக் கீறி, சிலுவை கல்லுக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது.

அடுத்து உங்கள் முள்மரம். அதை இங்கே 'கந்தல் மரம்' என்றே சொல்வார்கள். பெரும்பாலும் ஹாதார்ன் என்ற முள்மரம், சில இடங்களில் ஆஷ் மரம். பழைய முறை இது: நோயாளி உடுத்திய துணியிலிருந்தே ஒரு கீற்றைக் கிழித்து, ஊற்று நீரில் நனைத்து, வலிக்கும் இடத்தில் ஒற்றிவிட்டு மரத்தில் கட்ட வேண்டும். துணி மக்கி உதிர உதிர நோயும் உதிரும். அதனால்தான் அடுத்தவர் கட்டியதை அவிழ்க்கவே கூடாது என்பார்கள். அவிழ்த்தால் அந்த நோய் அவிழ்த்தவருக்கு வரும். நம் ஊரில் மரத்தில் துணி முடிவதோடு இதற்குத் தொடர்பு உண்டா என்று உங்களுக்குத் தோன்றலாம். வரலாற்றுத் தொடர்பு என்று காட்ட ஒன்றும் இல்லை. உலகின் பல மூலைகளில் மனிதர்கள் தனித்தனியே இதைச் செய்கிறார்கள். உள்ளிருக்கும் எண்ணமும் வேறு. நம்மவர் முடிவது பெரும்பாலும் வேண்டுதல். இங்கே அந்தக் கந்தல் நோயைச் சுமந்துகொண்டு போகும் வண்டி.

இதிலேயே ஒரு கோரிக்கை. தயவுசெய்து நைலான் ரிப்பன், பிளாஸ்டிக் பட்டை, முகக்கவசம் போன்றவற்றைக் கட்டாதீர்கள். மக்காத பொருளைக் கட்டினால் வழக்கத்தின் பொருளே போய்விடுகிறது; கிளை தடிக்கத் தடிக்க அந்தப் பட்டை கழுத்தை நெரிப்பது போல இறுக்கி மரத்தைக் கொல்லும். காசை மரத்தில் அடிப்பதும் வேண்டாம். லீஷ் கவுண்டியில் மவுண்ட்ராத் அருகே புனித ஃபின்டனின் பெயரில் ஒரு சைக்கமோர் மரம் இருந்தது. அதன் பொந்தில் தேங்கும் நீரைப் புனித நீராக மதித்தார்கள். ஆண்டாண்டுகளாகக் காணிக்கைக் காசுகளைப் பட்டைக்குள் அடித்து ஏற்றி, கடைசியில் 1994இல் மரம் சாய்ந்தது. அன்பினால் செய்ததுதான், ஆனால் மரத்துக்கு அது தெரியாது.

தண்ணீரைப் பற்றிய கதைகளுக்கு வருகிறேன். என் தொழில் தொடும் இடம் இது. ஏறக்குறைய எல்லா ஊரிலும் மூன்று கதைகள் கேட்கலாம். ஒன்று, இந்தத் தண்ணீர் கொதிக்காது. வெஸ்ட்மீத் கவுண்டியில் ஃபோர் என்ற ஊரின் ஏழு அதிசயங்களில் இதுவும் ஒன்று, அதோடு எரியாத மரமும் சேர்த்தி. இரண்டு, ஊற்றில் ஒரு டிரவுட் மீனோ விலாங்கோ இருக்கும். அது கண்ணில் பட்டவருக்கு நோய் தீரும். யாரோ அதைப் பிடித்து அடுப்பில் வாட்டப் போக, அது துள்ளி ஓடி மறுபடி ஊற்றிலேயே விழுந்து, இன்றும் உடம்பில் சூட்டுத் தழும்போடு நீந்துகிறது என்பார்கள். மீத் கவுண்டியில் கெல்ஸ் அருகே புனித கீரன் ஊற்றில், ஆகஸ்ட் முதல் ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில் மூன்று டிரவுட் தோன்றும் என்ற நம்பிக்கை உண்டு. மூன்று, ஊற்றை அவமதித்தால் அது இடம் மாறிவிடும். அழுக்குத் துணி துவைத்தார்கள், மாட்டைக் கழுவினார்கள், மறுநாள் காலையில் ஊற்று சாலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

தண்ணீர் கொதிக்காது என்பது உண்மையில்லை, எந்த ஊற்றிலும். ஆனால் அந்தக் கதை செய்யும் வேலையைப் பாருங்கள். தேநீருக்கும் துணி துவைக்கவும் இந்த நீரை எடுக்காதே என்று சொல்லும் காவல் அது. சிறிய ஊற்று, நாலு வீடு வாளி தூக்கினால் கலங்கிப் போகும். மீன் விஷயத்தில், நீர் சுத்தமாக இருக்க ஒரு மீனைக் குடிநீர்க் கிணற்றில் விடுவது எங்கள் வீட்டில் வழக்கம் என்று ஒரு விவசாயி என்னிடம் சொன்னார்; புழு பூச்சியைத் தின்றுவிடுமாம். எல்லாக் கதைக்கும் அதுதான் மூலம் என்று நான் சொல்ல மாட்டேன். இடம் மாறும் கதையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் ஊற்று நிஜமாகவே இடம் மாறும். கிளேரின் வடக்கே பர்ரன் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதன் வெடிப்புகளில் மண் அடைத்தாலோ, பக்கத்தில் வடிகால் வெட்டினாலோ, மாடுகள் வாய்ப்பகுதியை மிதித்து நசுக்கினாலோ தண்ணீர் வேறு வெடிப்பைத் தேடிச் சில கெஜம் தள்ளி எட்டிப்பார்க்கும். அவமதிப்பால் நகர்ந்தது என்று சொன்னவர்கள் கவனித்துப் பார்த்தவர்கள். காரணத்தைத் தங்கள் மொழியில் சொன்னார்கள்.

எந்த நோய்க்கு எந்த ஊற்று என்பதும் ஊருக்கு ஊர் பிரிந்திருக்கும். பல்வலி, மரு, தலைவலி, வயிறு. ஆனால் கண்ணுக்கான ஊற்றுகள் நிறையவே உண்டு, 'கண்களின் ஊற்று' என்றே பெயர். காரணம் தாதுச்சத்து என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். நான் சோதித்த கண் ஊற்றுகளின் நீர், பக்கத்து வயல் ஊற்று நீரிலிருந்து வேறுபட்டு இருந்ததில்லை. என் ஊகம் எளிமையானது: புகைபோக்கி இல்லாத சிறு குடிசையில் நாள் முழுக்க, எரிபொருளாக வெட்டி எடுத்த சதுப்புநிலக் கரிமண்ணின் புகை. அதோடு, 1840களின் பெரும் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஏழைகளை அடைத்துவைத்த விடுதிகளில் கண்நோய் பெரும் கொள்ளையாகப் பரவியது என்பது வரலாறு. எரியும் கண்ணைச் சுத்தமான குளிர்ந்த நீரில் கழுவினால் இதம் கிடைக்கும். இதம் கிடைத்த இடத்துக்கு மனிதர்கள் திரும்ப வருவார்கள்.

இனி, கிறித்தவத்துக்கு முந்தியதா என்ற கேள்வி. இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அயர்லாந்தில் கிறித்தவத்துக்கு முன் ஊற்று வழிபாடு இருந்ததாக ஏழாம் நூற்றாண்டுக் கிறித்தவர்களே நம்பினார்கள், இது உறுதி. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தீரெகான் என்ற ஆயர் (பிஷப்) எழுதிய பேட்ரிக் வரலாற்றில் 'ஸ்லான்', அதாவது 'நலம்', என்ற ஊற்று வருகிறது. சதுரக் கல்லால் மூடிய அந்த ஊற்றை மக்கள் தெய்வமாக எண்ணிக் காணிக்கை போட்டார்கள், நெருப்புக்கு அஞ்சிய ஒரு ஞானியின் எலும்பு உள்ளே இருப்பதாக நம்பினார்கள், பேட்ரிக் கல்லைப் புரட்டிப் பார்த்தால் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை என்று எழுதுகிறார். பிரிஜித் என்ற பெயரில் ஒரு பெண் தெய்வம் இருந்தாள் என்பதற்கும் சான்று உண்டு. அது சுமார் 900ஆம் ஆண்டைச் சேர்ந்த, கார்மக் என்ற அரசர்-ஆயர் பெயரால் வழங்கும் சொற்பொருள் நூல். கவிஞர்கள் வணங்கிய தெய்வம் என்றும், அதே பெயரில் மருத்துவத்துக்கும் கொல்லுத்தொழிலுக்கும் இரண்டு சகோதரிகள் என்றும் சொல்கிறது. ஆனால் அங்கே ஊற்று பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே 'தெய்வம் புனிதையாக மாறியது, அவளுடைய ஊற்று இது' என்று ஒரே மூச்சில் சொல்வது, தனித்தனியாகக் கிடந்த மூன்று துண்டுகளை நாமே தைப்பது.

லிஸ்கானருக்கென்று ஒரு வலுவான தடயம் இருக்கிறது. பிரிஜித்தின் நாள் பிப்ரவரி 1. ஆனால் இந்த ஊற்றின் பெருந்திருவிழா ஜூலை கடைசி ஞாயிற்றை ஒட்டித்தான் நடந்தது. சனி இரவு முழுக்க ஊற்றருகே விழித்திருந்து பாட்டும் ஆட்டமும், ஞாயிறு லஹிஞ்ச் கடற்கரையில் பந்தயம். அரன் தீவுக்காரர்கள் படகில் கடல் கடந்து வருவார்கள். ஜூலை கடைசி ஞாயிறு என்பது பழைய அறுவடை விழாவான லூனசாவின் இடம். அந்த விழாவைப் பற்றி மோயரா மக்நீல் 1962இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் லிஸ்கானரும் வருகிறது. புனிதையின் நாளை விட்டுவிட்டு ஆறு மாதம் தள்ளிக் கூட்டம் கூடியதற்கு, பழைய விழா மேல் புனிதையின் பெயர் ஏறியது என்பது நல்ல விளக்கம். எனக்கு இன்னொன்றும் தோன்றும். பிப்ரவரியில் அந்த அட்லான்டிக் கடலை நேரில் பார்த்தவர்கள், அரன் தீவிலிருந்து தோல்படகில் யாரும் வரமாட்டார்கள் என்பதை உடனே ஒப்புக்கொள்வார்கள். ஜூலை இறுதியில் கடல் அடங்கியிருக்கும், புதுக் கிழங்கு தோண்ட ஆரம்பிக்கும் நேரம், கையில் கொஞ்சம் ஓய்வு. இரண்டு காரணமும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நான் இதைத்தான் சொல்வேன்: விழா நாள் பழையது என்பதற்கு நல்ல காரணம் உண்டு, இந்த ஊற்று அப்போதே புனிதமாக இருந்தது என்பதற்குச் சான்று இல்லை.

இந்த வழக்கத்தை அழிக்க இரண்டு பக்கமும் முயன்றார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1704இல், கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களில் ஒன்று, ஊற்றுகளில் கூடுவதைக் கலகக் கூட்டம் என்று அறிவித்தது. வருபவருக்கு 10 ஷில்லிங் அபராதம், கட்ட முடியாவிட்டால் ஊரறியச் சாட்டையடி. அந்தக் காலத்தில் ஸ்லைகோவின் தொபர்நால்ட் போன்ற ஒதுக்குப்புற ஊற்றுகள் ஒளிந்து பூசை காணும் இடங்களாயின. பிறகு 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையே எதிர்த்தது. 'பேட்டர்ன்' எனப்படும் இந்தத் திருநாள்களில் செபம் முடிந்ததும் குடியும், இரு கட்சியாகப் பிரிந்து தடியடியும் நடப்பது வழக்கமாகியிருந்தது. விக்லோ கவுண்டியில் கிளென்டலாக் என்ற பழைய மடத்து ஊரின் பேட்டர்னை, பின்னாளில் கார்டினலான பேராயர் கல்லன் 1862இல் நிறுத்தினார். அந்த விழா எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பினால், ஜோசப் பீகாக் 1813இல் வரைந்த ஓவியம் பெல்ஃபாஸ்டில் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூடாரம், கடை, கூட்டம், சண்டை எல்லாம் ஒரே படத்தில். அவ்வளவுக்குப் பிறகும் பல ஊற்றுகள் பிழைத்ததற்கு, தனியாக வந்து அமைதியாகச் சுற்றிவிட்டுப் போன பாட்டிமார்தான் காரணம் என்று நினைக்கிறேன். 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளிடம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதச் சொன்னது. எழுதியவர்கள் 50,000 பேர். புனித ஊற்றும் அதில் ஒரு தலைப்பு. 'டூஹஸ்' இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கோடு போட்ட நோட்டில், வளைந்த கையெழுத்தில், உங்கள் பக்கத்து வயலின் ஊற்று இருக்கக்கூடும்.

நாம் போகலாமா? தாராளமாக. 17 வருடத்தில் எந்த ஊற்றிலும் யாரும் என் மதத்தைக் கேட்டதில்லை. பிப்ரவரி 1ஐ ஒட்டியும் ஜூலை இறுதியிலும் லிஸ்கானரில் கூட்டம் இருக்கும். பிரிஜித் நாளுக்காக 2023 முதல் அரசு விடுமுறையும் வந்துவிட்டது. யாராவது செபித்துக்கொண்டிருந்தால் அவர்கள் முடிக்கும்வரை வெளியே நில்லுங்கள், அந்த நடை இரண்டு பேருக்கே இறுக்கம். நினைவு அட்டைகளைப் படமெடுத்துப் பகிராதீர்கள், அவை யாரோ ஒரு வீட்டின் துக்கம். எதையும் நகர்த்த வேண்டாம். பல ஊற்றுகள் சட்டப் பாதுகாப்பில் உள்ள தொல்சின்னங்கள். தனியார் வயலில் இருக்கும் ஊற்றென்றால் வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள், கேட்டை மூடுங்கள், மாடு வெளியே போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். அம்மாவுக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள். லிஸ்கானர் பக்கம் தகடு தகடாகப் பெயரும் மணற்பாறையும் களிப்பாறையும். பர்ரன் பக்கம் வெடிப்பு விட்ட சுண்ணாம்பு. இரண்டிலுமே ஊற்று நீர் ஆழத்திலிருந்து வருவதில்லை. நேற்றுப் பெய்த மழை வயலின் சாணத்தையும், வீட்டுக் கழிவுத் தொட்டியின் கசிவையும் தொட்டுக்கொண்டு இன்று ஊற்றில் வந்து நிற்கும். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்த நீரில் நான் ஈ.கோலை கிருமியைப் பலமுறை கண்டிருக்கிறேன். வயதானவர்களுக்கு அது விளையாட்டல்ல. அங்கே வரும் பலரும் இன்று குடிப்பதில்லை. நெற்றியில் தொட்டுக்கொள்கிறார்கள், வலிக்கும் இடத்தில் தடவுகிறார்கள், சின்ன பாட்டிலில் பிடித்துப் போய் வீட்டு வாசலில் தெளிக்கிறார்கள். முட்டியில் தோல் கீறல் இல்லையென்றால் அம்மாவும் தடவிக்கொள்ளட்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டிவலி என்றதால் இன்னொன்று. வாட்டர்ஃபோர்ட் கவுண்டியில் ஆர்ட்மோரில், ஜூலை 24இல் கொண்டாடும் புனித டெக்லனின் கல் கடற்கரையில் இருக்கிறது; அதன் அடியில் ஊர்ந்து போனால் முதுகும் மூட்டும் குணமாகும் என்பது பழைய நம்பிக்கை. யாராவது சொல்லி அம்மா ஆசைப்பட்டாலும் அதற்கு விடாதீர்கள். லிஸ்கானரிலும் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும் படிகள் எப்போதும் ஈரம், பாசி பிடித்து வழுக்கும். மேலே போகாமல் கீழே சுரூபத்தைச் சுற்றி மட்டும் வருவது குறையொன்றுமில்லை. அங்கே நடமாட முடியாத முதியவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், சிலர் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு. நீங்கள் அவர் இடப்பக்கம் நடங்கள். வலப்பக்கம் ஊற்றுக்கு விட்டுவிட வேண்டும்.